எதிரே வருகிறவரின் கண்

காரில் வரும் பழுதுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம் என்று நினைக்கிறேன். முதல் வகை, ஓட்டுகிறவருக்குத் தானாகவே தெரிந்துவிடுபவை. பிரேக் சரியில்லை என்றால் காலுக்குத் தெரியும். டயரில் காற்று இறங்கினால் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும். இன்ஜின் சூடேறினால் முள் ஏறும், வாடை வரும். இரண்டாவது வகை, ஓட்டுகிறவரைத் தவிர ரோட்டில் போகிற எல்லோருக்கும் தெரிபவை. ஹெட்லைட் எரியாதது அந்த வகை.

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு ஒரு பக்க ஹெட்லைட் செத்துப்போனது வாரக்கணக்கில் தெரியாமல் இருக்கலாம். தெருவிளக்கு இருக்கிறது, கடை வெளிச்சம் இருக்கிறது, மிச்சமிருக்கும் ஒரு லைட் இருக்கிறது. சாலை தெரிந்துகொண்டேதான் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டியரிங்குக்கு முன்னால் எரியும் சின்ன விளக்கு, ஸ்விட்ச் போடப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். வெளியே பல்பு எரிகிறதா என்பது அதற்குத் தெரியாது. ஆனால் எதிரே வருகிறவருக்குக் கார் தெரிவதில்லை. ஒற்றை விளக்கோடு வரும் ஒரு பைக் தெரிகிறது. பைக்குக்கு விடவேண்டிய இடத்தை விட்டுவிட்டு அவர் வருகிறார்.

இதில் எனக்கு ஒரு கேள்வி உண்டு. எனக்குத் தெரியாத, என் புலன்களுக்கு எட்டாத ஒரு குறைக்கு நான் எவ்வளவு தூரம் பொறுப்பு? "தெரியாதுங்க" என்பது எந்த இடம்வரை பதிலாக இருக்கமுடியும்?

*

என் மாமா ஒட்டன்சத்திரத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். கல்லூரி விடுமுறைகளில் நானும் கடையில் இருப்பேன். பெயருக்கு உதவியாள், உண்மையில் டெஸ்ட் லேம்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள். காய்கறி மார்க்கெட்டுக்கு ராத்திரி லோடு ஏற்றி வரும் வண்டிகள்தான் அதிகம். அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது: "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா எரிஞ்சது. திடீர்னு ரெண்டும் போயிருச்சு."

மாமா உடனே பானெட்டைத் திறக்கமாட்டார். முதலில் கேள்விதான். டிம்முல மட்டும் எரியலையா, பிரைட்டும் எரியலையா? ஹாரன் அடிக்குதா? ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? கேள்விகளுக்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், எர்த் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். பல வண்டிகளில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஃப்யூஸ் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்றாவது எரியட்டும் என்று யாரோ யோசித்து வைத்த ஏற்பாடு அது. இரண்டு பக்கமும் இல்லை என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேடவேண்டும். ஸ்விட்ச், ரிலே, சில வண்டிகளில் பொது எர்த். டிம் இல்லாமல் பிரைட் மட்டும் எரிந்தால் டிம்-டிப் ஸ்விட்சின் மேல் சந்தேகம் விழும்.

கழற்றிப் பார்த்தால் சிலசமயம் இரண்டு பல்பிலும் இழை அறுந்திருக்கும். ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறி சார்ஜ் செய்கிறதா என்று மாமா மீட்டரை வைத்துப் பார்ப்பார். வண்டி ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டியது 15, 16 என்று ஏறினால் பல்புகள் அடுத்தடுத்துப் போகும். அதுவும் சரியாக இருந்தால் திரும்பி, "தம்பி, ரெண்டும் ஒரே நாள்ல போகல. ஒண்ணு எப்பவோ போயிருச்சு. இன்னொண்ணு நேத்துப் போச்சு" என்பார். வந்தவர் நம்பமாட்டார். "இல்லண்ணே, நான் தினமும் ஓட்டுறனே!"

அவர் பொய் சொல்லவில்லை. எரிந்துகொண்டிருந்த லைட்தான் எரியாத லைட்டை அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் திருவருட்பயனில் இருளையும் ஆணவத்தையும் வேறுபடுத்துகிறார். இருட்டில் பொருட்கள் தெரியாது, ஆனால் இருட்டு இருப்பதாவது தெரியும். ஆணவம் தான் இருப்பதையும் சேர்த்தே மறைத்துவிடும். ஆன்மிக விஷயமாக அவர் சொன்னதை மாமாவின் கடையில் வைத்துப் பார்ப்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனாலும் அந்த வேறுபாடு சரியானது. மின்சாரம் போனால் உடனே தெரிகிறது, மெழுகுவர்த்தி தேடுகிறோம். பாதி வெளிச்சம் போய்விட்டு, மீதிப் பாதி அந்த இழப்பை நிரவிக்கொண்டிருந்தால் யாரும் எதையும் தேடுவதில்லை.

*

பழுது பார்க்கும் முறையில் மூன்று விஷயங்கள் அந்த நாட்களிலிருந்து என்னோடு இருக்கின்றன.

முதலாவது, மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இடது பக்கம் எரியவில்லை என்றால் இரண்டு பல்பையும் கழற்றி இடம் மாற்றவேண்டும். எரியாத தன்மை பல்போடு சேர்ந்து வலது பக்கம் போய்விட்டால் பல்புதான் காரணம். இடது பக்கமே நின்றுவிட்டால் பல்பின் மேல் தப்பில்லை, அது இருந்த இடத்தில்தான் கோளாறு. ஐந்து நிமிட வேலை. மாமாவுக்கு முன்னால் வேறு யாராவது வண்டியைப் பார்த்திருந்தால் பெரும்பாலும் புதுப் பல்பு வாங்கி மாட்டியிருப்பார்கள். அதுவும் எரிந்திருக்காது. கண்ணுக்குத் தெரிகிற பொருள் என்பதால் முதல் குற்றவாளி எப்போதும் பல்புதான்.

இரண்டாவது, பாரம் கொடுத்துப் பார்ப்பது. ஒருமுறை ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பல்பை மாட்டினால் எரியவில்லை. "மீட்டர் பொய் சொல்லுது மாமா" என்றேன். "அது பொய் சொல்லல மாப்ள. நீ கேட்டதுக்குப் பதில் சொல்லுச்சு. கொஞ்சம் வேலை குடுத்துக் கேளு" என்று தன் டெஸ்ட் லேம்ப்பை நீட்டினார். பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்துச் செய்தது. அதை வைத்ததும் எரியாமல் கிடந்தது. உறையை உரித்துப் பார்த்தால் வயருக்குள் செம்பு இழைகள் எல்லாம் களிம்பேறி அறுந்து ஒன்றிரண்டு மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. மல்டிமீட்டருக்கு மின்னோட்டம் கிட்டத்தட்ட தேவையே இல்லை, அதற்கு ஒற்றை இழை போதும். 55 வாட் பல்புக்கு நாலரை ஆம்பியருக்கு மேல் வேண்டும். வேலை என்று வந்ததும் அந்த இழையால் முடியவில்லை.

மூன்றாவது, எர்த். பேட்டரியிலிருந்து பல்புக்கு மின்சாரம் வரும் வழியை எல்லோரும் தேடுவார்கள். அது திரும்பிப் போகும் வழியை யாரும் யோசிப்பதில்லை. காரில் திரும்பும் வழி பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடல்தான். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்க்ரூவில் முறுக்கிய வயர் அந்த உடலைத் தொடுகிறது. மழைத் தண்ணீரும் சேறும் பட்டு அங்கே துரு ஏறினால் பல்பு மங்கும். வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். இன்னொரு வேடிக்கையும் நடக்கும். திரும்ப வழி கிடைக்காத மின்சாரம் பக்கத்து விளக்குகளின் வழியாகப் புகுந்து போகப் பார்க்கும். டிம் போட்டால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். பார்ப்பவர்கள் இண்டிகேட்டரைக் குறை சொல்வார்கள். உப்புத்தாளால் அந்த ஸ்க்ரூ இருக்கும் இடத்தைத் தேய்த்து இறுக்கினால் எல்லாம் சரியாகிவிடும். புதிதாக வாங்கவேண்டியது ஒன்றும் இருக்காது.

இந்த மூன்றும் ஒரே பழக்கத்தின் மூன்று பக்கங்கள். முதலில் கண்ணில் பட்டதன் மேல் பழியைப் போடாமல் இருப்பது. மனிதர்கள் விஷயத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் எரியவில்லை என்றால் அவரை இடம் மாற்றி உட்காரவைத்துப் பார்க்க நமக்குப் பொறுமை இருப்பதில்லை. ஆளையே மாற்றிவிடுகிறோம்.

*

ஆனால் என் கேள்வி பழியைப் பற்றியது மட்டும் அல்ல. தெரியாத குறைக்கான பொறுப்பைப் பற்றியது.

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 'தார்மீக அதிர்ஷ்டம்' என்ற கருத்தைப் பற்றிக் கட்டுரை படித்தார்கள். நேகலின் உதாரணங்களில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். பிரேக்கைக் கொஞ்ச நாளாகப் பரிசோதிக்கவில்லை. ஒரு குழந்தை குறுக்கே வந்துவிட்டால் அந்தச் சின்ன அலட்சியம் ஒரு சாவுக்குக் காரணமாகிவிடும், ஆயுள் முழுக்க அவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார். யாரும் குறுக்கே வராவிட்டால் அதே அலட்சியம் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். செய்தது ஒன்றுதான், தீர்ப்பு மட்டும் வேறு. இது நியாயமா என்று நேகல் கேட்கிறார்.

அதற்கு நூறு வருடம் முன்பே, 1877இல், டபிள்யூ.கே. கிளிஃபோர்ட் என்ற கணித அறிஞர் நம்பிக்கையின் அறவியல் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, பயணத்துக்குத் தாங்காது என்று சந்தேகம் வருகிறது. எத்தனையோ புயலைத் தாண்டி வந்த கப்பல்தானே என்று சந்தேகத்தை அமுக்கிவிட்டு, மனதார நம்பி அனுப்பிவைக்கிறார். கப்பல் மூழ்குகிறது. கிளிஃபோர்ட் அவரைக் குற்றவாளி என்கிறார். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றத்தில் துளிகூடக் குறையாது என்கிறார். அவர் நம்பியது சரியா தவறா என்பது கேள்வியல்ல, அப்படி நம்ப அவரிடம் என்ன ஆதாரம் இருந்தது என்பதுதான் கேள்வி.

ஹெட்லைட் ஆசாமி இந்த இருவரையும்விடச் சிக்கலானவர். கப்பல் முதலாளிக்குச் சந்தேகம் ஒன்று வந்தது, அதை அவர் அமுக்கினார். இவருக்குச் சந்தேகமே வரவில்லை. லாரி டிரைவருக்குப் பிரேக் மிதிக்கும்போதாவது ஒரு தடுமாற்றம் தெரிந்திருக்கலாம். இவர் காலுக்கோ கைக்கோ ஒன்றும் தெரியாது. அப்படியென்றால் இவரை விட்டுவிடலாமா?

கிளிஃபோர்டின் கேள்வியை இவரிடமும் கேட்டுப் பார்க்கலாம். லைட் எரிகிறது என்று நீங்கள் நம்ப என்ன ஆதாரம்? "ஸ்விட்ச் போட்டேனே!" இதைத் தவிர அவரிடம் வேறு பதில் இல்லை. ஸ்விட்ச் போட்டது அவருடைய எண்ணம். லைட் எரிவது உலகத்தில் நடக்கவேண்டிய காரியம். இடையில் ஃப்யூஸ், ரிலே, வயர், ஹோல்டர், இழை, துருப்பிடித்த ஸ்க்ரூ என்று எத்தனையோ இருக்கின்றன. எண்ணத்தையே விளைவுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறோம். "நான் நல்ல மனசோடதான் சொன்னேன்" என்று சொல்லும்போதும் நாம் செய்வது இதுதான். கேட்டவர் முகத்தில் என்ன ஆயிற்று என்பதை நாம் பார்க்கவில்லை. ஸ்விட்ச் போட்டதை மட்டும் பார்த்தோம்.

ஆகவே தெரியாததற்கு யாரும் பொறுப்பல்ல என்பதை நான் பாதிதான் ஏற்பேன். என் புலன் எட்டாத இடத்தில் என் குறை இருக்கும் என்று எனக்குப் பொதுவாகத் தெரியும். அது தெரிந்தபிறகு, போய்ப் பார்ப்பதற்கான ஏற்பாட்டைச் செய்யாமலிருப்பது தெரியாமை அல்ல.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தக்காளி ஏற்றிய மினி லாரி ஒன்று வந்து நின்றது. இரண்டு ஹெட்லைட்டும் இல்லை. பார்க்கிங் பல்புகள் எப்போதோ போயிருந்தன. கடையில் அந்த வகைப் பல்பு ஒன்றுதான் மிச்சம், மற்ற கடைகள் சாத்தியாயிற்று. தாராபுரம் ரோட்டில் ராத்திரியே போயாகவேண்டும் என்றார் டிரைவர். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருப்பார்.

"இடது பக்கம் போட்டுருங்கண்ணே. ரோட்டோரம் தெரிஞ்சாப் போதும், ஓட்டிருவேன்."

மாமா வலது பக்க ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இடது."

"தம்பி, வலது பக்க லைட்டும் இடது ஓரத்துலதான் கொஞ்சம் தூக்கி அடிக்கும். கம்மியாத் தெரியும், ஆனாத் தெரியும். இடது மட்டும் எரிஞ்சா எதிர்ல வர்றவன் உன்னை ஓரமாப் போற டிவிஎஸ் எக்ஸெல்னு நெனப்பான். உன் வலது பக்கம் எங்க முடியுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

டிரைவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். இரண்டு வண்டியும் அறுபதில் வந்தால் நூறு மீட்டர் இடைவெளி மூன்று செகண்டில் தீர்ந்துவிடும். மாமா பல்பை மாட்டினார், கண்ணாடியில் விரல் படாமல் தாளால் பிடித்து. ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் கைப்பிசுக்கு ஒட்டினால் அந்த இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போய்விடும். காசு வாங்கிக்கொண்டு, "போகாம இருந்தா நல்லது. போறதுன்னா நாப்பதத் தாண்டாத" என்றார். வண்டி போயிற்று.

மாமா செய்தது முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். வண்டியை நிறுத்திவைக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்திருக்கலாம். தக்காளி அழுகினால் யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போது வந்திருக்கும். ஆனால் கையில் ஒரே ஒரு வெளிச்சம் இருக்கும்போது அதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அந்த டிரைவர் தன் கண்ணிலிருந்து பதில் சொன்னார், மாமா எதிரே வருகிற, பெயர் தெரியாத ஒருவரின் கண்ணிலிருந்து பதில் சொன்னார்.

*

ஹெட்லைட்டை வடிவமைத்தவர்களும் அந்தக் கண்ணை நினைத்திருக்கிறார்கள். எச்4 என்று கடையில் கேட்டு வாங்கும் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு, பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழைக்குக் கீழே கரண்டி மாதிரி சின்னத் தகடு ஒன்று இருக்கும். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறிக்கிறது. மறிக்காவிட்டால் அது ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே எழும்பி எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். தனக்குக் கிடைத்த வெளிச்சத்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே அணைத்துக்கொள்கிற ஏற்பாடு.

சட்டமும் நினைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் 106ஆம் விதி, கண் கூசுவது என்றால் என்ன என்று சொல்ல ஒரு கண்ணைக் கற்பனை செய்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண். அந்தக் கண்ணைக் கூசவைக்காதபடி வெளிச்சம் தாழ்ந்திருக்கவேண்டும். ஆணா பெண்ணா, என்ன சாதி, என்ன வண்டி என்று எதுவும் இல்லை. அங்கே ஒரு கண் இருக்கிறது, அவ்வளவுதான். முன்பெல்லாம் போலீஸ்காரர்கள் வண்டியை நிறுத்தி ஹெட்லைட்டின் நடுவே கருப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டதும் அந்தக் கண்ணுக்காகத்தான்.

இன்றைக்கு ஹெட்லைட் மங்கல் என்று கடைக்குப் போனால் எர்த்தைத் தேய்க்க யாருக்கும் நேரமில்லை. "எல்ஈடி போட்டுருங்க சார், பகல் மாதிரி இருக்கும்." ஹாலஜனுக்கென்று வார்த்த ரிஃப்ளெக்டரில் எல்ஈடி பல்பைச் செருகினால் வெளிச்சம் பிறக்கும் இடமும் வடிவமும் மாறிவிடும், அது வேண்டாத திசைக்கெல்லாம் சிதறும். ஓட்டுகிறவருக்குப் பகல். எதிரே டிவிஎஸ் எக்ஸெல்லில் வருகிறவருக்கு சில செகண்டுக்கு ரோடே கிடையாது. அவர் திட்டுவது கண்ணாடி ஏற்றிய காருக்குள் கேட்காது. எரியாத லைட்டைப் போலவே இந்த 'சரிசெய்யப்பட்ட' லைட்டின் குறையும் உரிமையாளருக்குத் தெரியாது. உண்மையில் அவருக்கு அது நிறைவாகத் தெரிகிறது. ரிப்பேர் முடிந்ததா என்று யாரைக் கேட்டு முடிவு செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

*

நம் ஊரில் ஒரு கைஜாடை இருந்தது. பகலில் யாராவது பைக்கில் லைட்டை அணைக்க மறந்து போனால், எதிரே வருகிறவர்கள் விரல்களைக் குவித்துக் குவித்து விரிப்பார்கள். லைட் எரியுது என்று அர்த்தம். டீக்கடையில் நிற்பவர் செய்வார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்துவார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாது என்ற அக்கறை. 2017 ஏப்ரலில் புது இருசக்கர வாகனங்களின் ஹெட்லைட் எப்போதும் எரியவேண்டும் என்று விதி வந்தது. மற்றவர் கண்ணில் படவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம், நல்ல நோக்கம். கொஞ்ச காலம் ஜனங்கள் விடாமல் விரல் குவித்தார்கள், பைக்காரர்கள் "அது அப்படித்தாங்க" என்று சலித்துக்கொண்டார்கள். பிறகு ஜாடை மெல்ல நின்றுபோயிற்று.

ஒரு லைட் எரியாத காருக்கு அப்படியொரு ஜாடை இருந்ததே இல்லை. சிக்னலில் பக்கத்தில் நிற்கும்போது நான் சிலரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடியை இறக்க யோசிப்பார்கள், சண்டைக்கு வருகிறேனோ என்று முதலில் முகம் இறுகும். "சார், வலது பக்கம் லைட் இல்ல" என்றதும் சிலர் நன்றி சொல்வார்கள். சிலர் "தெரியும் தெரியும்" என்பார்கள். தெரியாது என்பது அவர்கள் சொல்லும் வேகத்திலேயே புரியும். நம் குறையை அந்நியர் முதலில் அறிவது அவமானம் என்று பழக்கப்பட்டிருக்கிறோம். ஹெட்லைட் விஷயத்தில் அந்நியரைத் தவிர வேறு யாராலும் முதலில் அறியமுடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் அந்த அவமானத்துக்கு இடமே இல்லை. அவர் சொல்லாமல் போனால்தான் வருத்தப்படவேண்டும்.

சொல்ல ஆள் இல்லாதவர்களுக்குச் சுவர் இருக்கிறது. ராத்திரி வண்டி எடுப்பதற்கு முன் ஏதாவது ஒரு மதிலுக்கு எதிரே நிறுத்தி லைட்டைப் போட்டால் போதும். இரண்டு வட்டங்கள் விழுகின்றனவா, இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, ஒன்று மஞ்சளாக மங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். டிம் ஒருமுறை, பிரைட் ஒருமுறை. பிறகு இறங்கி, எட்டு மீட்டர் என்றால் சுமார் பத்து பன்னிரண்டு எட்டு, முன்னால் நடந்துபோய்த் திரும்பி நின்று டிம் லைட்டை ஒருதரம் பார்க்கலாம். நம் வண்டி மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கண் கூசினால் எங்கே போகவேண்டும் என்று தெரியும்தானே.